நீதிசார் உளவியலாளர் ஆக விரும்புவோருக்கு: வன்னியிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் உயர்தரம் எழுதிய மாணவர்கள், அவர்களின் பெற்றோர், ஏற்கெனவே உளவளத்துணை வேலையில் இருப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். படிப்பைப் பற்றிய பகுதி சுருக்கமானது. வேலையைப் பற்றிய பகுதி நீளமானது, ஏனென்றால் பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன.

நீதிசார் உளவியலாளர் என்ன செய்கிறார்?

ஒருவரின் மனநிலை பற்றி நீதிமன்றமோ சிறைச்சாலையோ நன்னடத்தை அலுவலகமோ கேட்கும் குறிப்பிட்ட கேள்விக்கு, சோதித்துப் பார்த்துப் பதில் எழுதுகிறார். இந்த ஆளுக்குத் தன் மேல் நடக்கும் வழக்கு விளங்குகிறதா? சம்பவம் நடந்த நேரத்தில் அவருடைய புத்தி எப்படி இருந்தது? இந்தப் பிள்ளையிடம் எப்படி வாக்குமூலம் எடுக்கலாம்? சித்திரவதை நடந்ததென்று சொல்பவரின் மனப் பாதிப்பு அவர் சொல்வதோடு பொருந்துகிறதா? காணியை எழுதிக் கொடுத்த அன்று அந்த முதியவருக்குத் தான் என்ன கையெழுத்து வைக்கிறோம் என்று தெரிந்திருந்ததா? கேள்விகள் இப்படித்தான் வரும்.

குற்றவாளியா இல்லையா என்று சொல்வது இவருடைய வேலை இல்லை. அது நீதவானுடையது.

‘தடயவியல் உளவியல்’ என்பதும் இதுதானா?

இதுதான். இந்தியப் புத்தகங்களில் அந்தப் பெயர் இருக்கும். கைரேகை, இரத்தக்கறை என்று நினைவு ஓடுவதால் இங்கே ‘நீதிசார்’ என்று எழுதுகிறோம். தொலைக்காட்சித் தொடர்களில் வருவது போல, கொலை நடந்த இடத்தைப் பார்த்ததும் கொலையாளியின் குணத்தைச் சொல்லும் வேலை உலகத்திலேயே மிகச் சிலருக்குத்தான் உண்டு.

முகத்தைப் பார்த்துப் பொய் கண்டுபிடிக்கலாமா?

முடியாது. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2006இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்றின்படி, பார்த்துக் கேட்டு மட்டும் பொய்யை இனங்காணும் மனிதரின் சராசரித் துல்லியம் 54 வீதம். நாணயத்தைச் சுண்டிப் போட்டால் 50 வீதம். கண்ணைத் தாழ்த்துவது, கையைப் பிசைவது, பதில் சொல்ல நேரம் எடுப்பது எல்லாம் வன்னியில் பொலிசுக்கும் அதிகாரிக்கும் முன்னால் எவருக்கும் வரும். அவற்றைக் குற்ற அடையாளமாக எழுதும் அறிக்கை ஆபத்தானது.

இலங்கையில் இந்தப் பெயரில் பதவி இருக்கிறதா?

தனிப் பதிவு என்று எதிர்பார்க்க வேண்டாம். மருத்துவ உளவியலாளர்களுக்கு இலங்கை மருத்துவ சபையின் பதிவு உண்டு. நீதிமன்ற வேலை அந்தத் தகுதியின் மேல் கட்டப்படுவது. குற்ற வழக்குகளில் மனநிலைப் பரிசோதனைக்குப் பொறுப்பு மருத்துவ அதிகாரியிடமும் மனநல மருத்துவ நிபுணரிடமும்தான் இருக்கிறது. உளவியலாளர் அந்தக் குழுவில் இருந்து சோதனைகளைச் செய்து, தன் பகுதியை எழுதிக் கொடுக்கிறார். கடினமான வழக்குகள் அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்தின் நீதிசார் பிரிவுக்குப் போகும். கிளிநொச்சியில் இருந்து அது 300 கிலோமீற்றருக்கு மேல். தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவர் அவ்வளவு தூரம் கொண்டுபோகப்பட்டு, மொழிபெயர்ப்பாளர் ஊடாகச் சோதிக்கப்படுவதை நினைத்துப் பாருங்கள். வன்னியில் இந்தத் துறைக்கு ஆட்கள் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

என்ன படிக்க வேண்டும்? எத்தனை வருடம்?

இரண்டு பாதைகள். உயிரியல் பிரிவில் படித்து மருத்துவ பீடத்துக்குப் போனால் 5 ஆண்டு எம்.பி.பி.எஸ்., ஒரு வருட உள்ளகப் பயிற்சி, பிறகு மனநல மருத்துவத்தில் எம்.டி. அது மனநல மருத்துவ நிபுணரின் பாதை.

உளவியலாளரின் பாதைக்கு எந்தப் பிரிவில் இருந்தும் வரலாம். உளவியலில் 4 ஆண்டுச் சிறப்புப் பட்டம் முதல் படி. யாழ்ப்பாணம், பேராதனை ஆகிய பல்கலைக்கழகங்களின் கலைப்பீடங்களில் உளவியல் உண்டு. திறந்த பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம், வேலை செய்துகொண்டு படிப்பவர்களுக்கு அது வசதி. மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நிறுத்தினால் மேற்படிப்பின் வாசலில் தடைப்படுவீர்கள். முதல் வருடத்தில் இருந்தே சிறப்புப் பட்டத்தைக் குறிவையுங்கள்.

அடுத்தது மருத்துவ உளவியலில் எம்.பில். கொழும்புப் பல்கலைக்கழகம் நடத்தும் கற்கை இரண்டு வருடம், ஆங்கில மொழி மூலம், மேற்பார்வையோடு வைத்தியசாலைப் பயிற்சி, ஆய்வேடு. இந்தியாவில் இதற்குச் சமமாக இருந்தது இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற இரண்டு வருட எம்.பில். நீதிசார் உளவியலை மட்டும் தனியாகப் படிக்க விரும்பினால் காந்திநகரில் உள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் போன்றவை உண்டு. ஆனால் நோயாளரைப் பார்க்கும் தகுதி இல்லாமல் அந்த முதுகலைப் பட்டத்தோடு மட்டும் திரும்பி வந்தால் இங்கே செய்யக்கூடியது குறைவு.

ஆங்கிலத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பட்டப்படிப்பைத் தமிழில் முடித்த நல்ல மாணவர்கள் எம்.பில். நேர்முகத்தில் விழுவது அறிவுக் குறையால் அல்ல, ஒரு நோயாளியின் வரலாற்றை 10 நிமிடத்தில் ஆங்கிலத்தில் சொல்ல முடியாததால்.

உளவளத்துணை டிப்ளோமா போதாதா?

போதாது. அது நல்ல வேலைக்கான நல்ல கல்வி, ஆனால் நோய் நிர்ணயத்துக்கும் சோதனைக்கும் உரியது அல்ல.

வெளிநாட்டில் எப்படி?

பிரித்தானியாவில் ‘நீதிசார் உளவியலாளர்’ என்ற பெயரே சட்டத்தால் காக்கப்பட்டது. 2009 முதல் அங்குள்ள சுகாதார, பராமரிப்புத் தொழில்கள் சபையில் பதியாமல் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. முதுகலைப் பட்டம், அதன் பின் மேற்பார்வையோடு ஏறத்தாழ இரண்டு வருட வேலை. அமெரிக்காவில் கலாநிதிப் பட்டமும் மாநில உரிமமும் வேண்டும். அமெரிக்க உளவியல் சங்கம் இதைத் தனிச் சிறப்புத்துறையாக ஏற்றது 2001இல். அங்கே படித்துவிட்டு வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அங்குள்ள சட்டத்தின் சோதனைகளை இங்குள்ள வழக்குக்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.

சட்டம் எவ்வளவு தெரிய வேண்டும்?

சட்டத்தரணி அளவுக்கு வேண்டாம். கீழே உள்ளவை விரல் நுனியில் இருக்க வேண்டும்.

தண்டனைச் சட்டக் கோவையின் 77ஆம் பிரிவு: சித்த சுவாதீனம் இல்லாததால், தான் செய்வது எத்தகைய செயல் என்றோ, அது பிழை அல்லது சட்டத்துக்கு மாறானது என்றோ அறிய முடியாதவர் செய்தது குற்றமாகாது. ‘செய்த நேரத்தில்’ என்பதுதான் இதன் உயிர். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி இந்த விதிவிலக்கை நிரூபிக்கும் பொறுப்பு எதிரியுடையது, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருடையது.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக் கோவையின் 374ஆம் பிரிவும் அதைத் தொடர்பவையும்: விசாரணைக்கு முகம் கொடுக்கும் நிலையில் இன்று இவர் இருக்கிறாரா என்பது. இது ‘இன்று’ பற்றியது. அன்றைய மனநிலையும் இன்றைய மனநிலையும் இரண்டு வேறு கேள்விகள். சம்பவத்தன்று நல்ல தெளிவோடு இருந்தவர் விளக்கமறியலில் ஆறு மாதம் கிடந்து குலைந்திருக்கலாம். அன்று குரல் கேட்டவர் மருந்தால் இன்று தெளிந்திருக்கலாம். இரண்டையும் ஒரே பந்தியில் கலந்து எழுதுவதுதான் புதியவர்களின் முதல் பிழை.

சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு நிபுணரின் அபிப்பிராயம் பற்றியது. பிள்ளைகளின் வயது: 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் மேல் குற்றப்பொறுப்பு இல்லை, 12க்கும் 14க்கும் இடைப்பட்டவரின் புரிதல் முதிர்ச்சியைப் பார்க்க வேண்டும். சித்திரவதைக்கு எதிரான 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு பற்றிக் கீழே தனியாக வருகிறது.

ஒரு மதிப்பீடு தொடக்கத்தில் இருந்து எப்படி நடக்கும்?

கேள்வியை எழுத்தில் வாங்குங்கள். ‘இவரை ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ’ என்று தொலைபேசியில் வருவது கேள்வியே இல்லை. கட்டளையில் தெளிவில்லை என்றால் பதிவாளர் ஊடாக விளக்கம் கேளுங்கள்.

ஆளைப் பார்க்க முன்னர் கோப்பைப் படியுங்கள்: முதல் முறைப்பாடு, வாக்குமூலங்கள், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, கிளினிக் கொப்பி. ஆளைக் குறைந்தது இரண்டு வேறு நாட்களில் பாருங்கள், ஒரு அமர்வு 90 நிமிடத்தைத் தாண்டாமல். ஒரே நாளில் நான்கு மணி நேரம் வைத்திருந்தால் பின்னேரப் புள்ளிகள் களைப்பின் புள்ளிகள். பிறகு வெளியில் விசாரியுங்கள்: தாய், மனைவி, பாடசாலை அதிபர், கிராம சேவையாளர். ஒருவரின் சொல்லை மட்டும் வைத்து எழுதிய அறிக்கை குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடம் நிற்காது.

தொடக்கத்தில் ஒரு அறிவித்தல் கட்டாயம் வேண்டும். எழுத்துத் தமிழில் வாசித்துக் காட்டினால் விளங்காது. இப்படிச் சொல்லலாம்:

“அம்மா, நான் உங்களுக்கு வைத்தியம் செய்ய வரேல்லை. கோடு ஒரு கேள்வி கேட்டிருக்கு, அதுக்குப் பதில் எழுதத்தான் வந்தனான். நீங்கள் சொல்லுறதை நான் எழுதிக் கோட்டுக்குக் குடுப்பன். இரகசியமா வைக்கேலாது. விருப்பம் இல்லாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாம், விட்டதெண்டும் எழுதுவன். இப்ப நான் சொன்னதை உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்.”

கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். ‘விளங்கிச்சுதோ?’ என்று கேட்டால் வன்னியில் வரும் பதில் ‘ஓம்’. அது மரியாதைக்குச் சொல்லும் ஓம். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் எது போய்ச் சேர்ந்தது என்று தெரியும். பலர் ‘நீங்கள் எனக்கு உதவி செய்ய வந்தனீங்கள்’ என்றுதான் திருப்பிச் சொல்வார்கள். அப்படி வந்தால் மறுபடி தொடக்கத்தில் இருந்து விளக்குங்கள். அவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள்.

அதே சொல்லில் எழுதுவது ஏன் அவ்வளவு முக்கியம்?

ஏனென்றால் இந்தத் துறையில் சொல்தான் சான்று. ‘யோசிச்சுக்கொண்டே இருக்கிறன்’ என்றால் வன்னித் தமிழில் சிந்திக்கிறேன் என்று பொருள் இல்லை, கவலை மனதை அரிக்கிறது என்று பொருள். அதை ‘சிந்தனை செய்கிறார்’ என்று ஆங்கிலத்துக்கு மாற்றினால் ஒரு மனச்சோர்வு அறிகுறி காணாமல் போய்விடும். ‘ஏங்கிப் போனான்’ என்பது ஏக்கம் அல்ல, பயத்தில் உறைந்து போனது. ‘நெஞ்சு அடைக்குது’, ‘தலை விறைக்குது’ என்பவை இதய நோயாகவும் இருக்கலாம், பதற்றமாகவும் இருக்கலாம். முதலில் மருத்துவர் பார்க்கட்டும். ‘செல்’ என்றால் எறிகணை. அங்கொடையிலோ கொழும்பிலோ ஒரு மொழிபெயர்ப்பாளர் அதைச் சிறை அறை என்றோ கைத்தொலைபேசி என்றோ எடுத்துக்கொண்டால் முழு வாக்குமூலமும் தடம் மாறும்.

இன்னும் ஒன்று. காணாமல் ஆக்கப்பட்ட மகன் இரவில் படலையடியில் வந்து ‘அம்மா’ என்று கூப்பிடுகிறான் என்று ஒரு தாய் சொன்னால், அதை உடனே ‘செவிப்புலப் பிரமை’ என்று எழுதி உளப்பிணியின் கணக்கில் சேர்க்காதீர்கள். எப்போது கேட்கிறது, தூங்கப் போகும் நேரத்திலா? வேறு குரல்கள் உண்டா? கட்டளை இடுகிறதா? சமைக்கிறாரா, நூறு நாள் போராட்டப் பந்தலில் இருந்தாலும் வீட்டுக் கணக்கைப் பார்க்கிறாரா? குறி கேட்கப் போவதும், கோயிலில் உரு வருவதும் இங்குள்ள வாழ்க்கையின் பகுதி. இவை ஆளின் அன்றாட வாழ்வைக் கெடுக்கின்றனவா என்பதே நோய் நிர்ணயத்தின் கேள்வி.

எந்தச் சோதனைகள் பயன்படுகின்றன? அவற்றின் புள்ளிகளை அப்படியே நம்பலாமா?

நுண்ணறிவுக்கு வெக்சிலர் அளவை, ஆளுமைக்கு எம்.எம்.பி.ஐ-2 (567 வசனங்கள், சரி பிழை என்று பதில்), வன்முறை ஆபத்துக்கு எச்.சி.ஆர்-20 (கடந்த காலம் பற்றி 10, இன்றைய மனநிலை பற்றி 5, இனி வரும் சூழல் பற்றி 5), இரக்கமோ குற்ற உணர்வோ இல்லாத மனப்பிறழ்வு ஆளுமைக்கு பி.சி.எல்-ஆர் (20 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 40). பேரதிர்ச்சியின் பின் வரும் நெருக்கீட்டுக்கான பி.சி.எல்-5 முற்றிலும் வேறு கருவி. பெயர் ஒத்திருப்பதால் தட்டச்சில் மாறிப் போனால், பாதிக்கப்பட்டவர் ஒருவர் மனப்பிறழ்வாளராக நீதிமன்றக் கோப்பில் நிற்பார். ஒவ்வொரு அறிக்கையிலும் இந்தப் பெயரை இரண்டு தரம் சரிபாருங்கள்.

இவற்றின் புள்ளிகள் பெரும்பாலும் அமெரிக்க, பிரித்தானிய மக்களை வைத்து அளந்தவை. 1996இல் பிறந்த ஒரு பெடியன் 2009இல் 13 வயதில் பதுங்குகுழிக்குள் இருந்தவன். அதற்கு முந்தைய வருடங்களில் அவன் பள்ளிக்கூடம் மரத்தடியிலும் இடம்பெயர்ந்த கொட்டிலிலும் நடந்தது. சொல்வளத்திலும் எண்கணிதத்திலும் அவனுக்குக் குறையும் புள்ளி, மூளையின் குறையா, விடுபட்ட பள்ளிக்கூடமா? நுண்ணறிவுக் குறைபாடு என்று எழுத, புள்ளி மட்டும் போதாது. அன்றாட வாழ்வில் குறை இருக்க வேண்டும், அது வளர்ச்சிப் பருவத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். ஆகவே வயலைப் பற்றிக் கேளுங்கள். இரண்டு ஏக்கருக்கு எத்தனை புசல் விதைநெல், உழவு இயந்திரத்துக்கு ஏக்கருக்கு என்ன கூலி, காலபோகத்தில் எத்தனை மூடை வந்தது, கடன் போக மிச்சம் என்ன? இதைத் தடங்காமல் சொல்பவரைத் தாளில் வந்த எண்ணை மட்டும் வைத்துக் குறைபாடுள்ளவர் என்று எழுத முடியாது.

போட்டோப் பிரதி எடுத்த சோதனைத் தாள்களைப் பயன்படுத்தாதீர்கள். உரிமம் இல்லாத கருவியால் வந்த புள்ளியை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார்.

போர்க் காயங்கள் மதிப்பீட்டைக் குழப்புமா?

மிகவும். முதலில் காதைச் சோதிப்பியுங்கள். எறிகணை வெடிப்பில் செவிப்பறை கிழிந்தவர்கள் வன்னியில் ஏராளம். பாதி கேட்கும் ஒருவர் கேள்விக்குப் பொருந்தாத பதில் சொல்வார், அல்லது பேசாமல் இருப்பார். ‘ஒத்துழைக்கவில்லை’, ‘சிந்தனை ஒழுங்கில்லை’ என்று எழுதுவதற்கு முன், பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் என்றால் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

தலைக் காயம் இரண்டாவது. எத்தனை நேரம் நினைவில்லாமல் கிடந்தார், அதன் பின் குணம் மாறியதா, வலிப்பு வந்ததா என்று அவரிடமும், காயத்துக்கு முன்பும் அவரை அறிந்த ஒருவரிடமும் கேளுங்கள். மூளையைப் படம் எடுக்கச் சொல்வதானால், உடம்பில் இரும்புச் சிதறல் இருக்கிறதா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். எம்.ஆர்.ஐ. காந்தம் உள்ளே இருக்கும் இரும்பை நகர்த்தக்கூடும். முதலில் எக்ஸ்ரே, பிறகு மருத்துவர் முடிவு செய்வார்.

சாட்சி திகதி சொல்ல முடியாமல் தடுமாறினால் பொய் சொல்கிறார் என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது. பத்துத் தரம் இடம்பெயர்ந்தவருக்கு நாட்காட்டித் திகதி நினைவில் நிற்காது. இடம் நிற்கும். வெள்ளைத் தாளில் ஒரு கோடு கீறி, பொதுவான நிகழ்வுகளை முதலில் குறியுங்கள்: 2004 மார்கழிச் சுனாமி, கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டது, விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால், முகாம், மீள்குடியேற்றம். பிறகு அவருடைய சொந்த நாட்கள்: பிள்ளை பிறந்தது, வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருநாள், சூடடிப்பு. கடைசியாக ‘இது இதுக்கு முந்தியோ பிந்தியோ?’ என்று கேளுங்கள். வருடத்தைக் கேட்டுத் தடுமாறிய பலர், இந்தக் கோட்டில் ஒழுங்காக வைத்துக் காட்டுவார்கள். அந்தத் தாளையும் அறிக்கையோடு இணையுங்கள்.

பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது?

திறந்த கேள்வி, குறைந்த தடவை, ஒரே ஆள். இது உலகம் முழுவதும் சொல்லப்படுவது. தமிழுக்கே உரிய பொறி ஒன்று உண்டு, அதைப் புத்தகங்கள் சொல்வதில்லை. நம்முடைய வினைச்சொல் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ‘என்ன செய்தவர்?’ என்று கேட்டால், ஒரு ஆள், வயதில் மூத்த ஆள், பெரும்பாலும் ஆண் என்று நீங்களே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். ‘செய்தவன்’ என்றால் இளையவன். ‘செய்தவை’ என்றால் பலர். பிள்ளை அந்த விகுதியைப் பிடித்துக்கொண்டு அதே வடிவில் பதில் சொல்லும். ஆகவே ‘என்ன நடந்தது?’, ‘பிறகு என்ன நடந்தது?’, ‘அதைப் பற்றி இன்னும் சொல்லுங்கோ’ என்பவற்றோடு நில்லுங்கள். பிள்ளை தானாக ஒரு வடிவத்தைச் சொன்ன பிறகே நீங்கள் அதை எடுக்கலாம்.

‘மாமா’ என்றால் தாயின் சகோதரன் என்று எழுதிவிடாதீர்கள். கடைக்காரரும் மாமா, பக்கத்து வளவுக்காரரும் மாமா. ‘எந்த மாமா? அவர் எங்க இருக்கிறவர்?’ என்று கேட்டு எழுதுங்கள்.

வீடியோப் பதிவு செய்த பிள்ளையின் பூர்வாங்க நேர்காணலை நீதிமன்றத்தில் சாட்சியமாக எடுக்க 1999ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவிட்டிருக்கிறது. தாய், அதிபர், பொலிஸ், தாதி, உளவளத்துணையாளர் என்று ஐந்து பேரிடம் பிள்ளை அதையே சொல்லும்போது, விவரங்கள் மாறும். அந்த மாற்றம்தான் பிறகு பிள்ளைக்கு எதிராக நிற்கும்.

குற்ற ஒப்புதல் வாக்குமூலம் பற்றி உளவியலாளர் என்ன சொல்லலாம்?

வழமையான சட்டத்தில் பொலிசுக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் எதிரிக்கு எதிராக எடுபடாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும் அதற்கு மேற்பட்டவருக்கும் கொடுத்தது எடுபடும். அது தானாகக் கொடுத்ததல்ல என்று காட்டும் சுமையும் எதிரியின் தலையில்தான். அங்கே உளவியலாளர் சொல்லக்கூடியவை: இவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியுமா, கையெழுத்து வைத்த தாளில் உள்ளதை அவரால் விளங்கியிருக்க முடியுமா, அதிகாரமுள்ளவர் சொல்வதற்கு எவ்வளவு இலகுவாக இணங்குகிறார், நித்திரையும் சாப்பாடும் இல்லாமல் எத்தனை நாள் இருந்தார், இன்றைய மன அறிகுறிகள் அவர் சொல்லும் நடத்துகையோடு எவ்வளவு பொருந்துகின்றன. இந்தப் பொருத்தத்தைச் சொல்ல, சித்திரவதையை விசாரித்து ஆவணப்படுத்துவதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறை ஐந்து படிகள் வைத்திருக்கிறது: பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, இதற்கே வழமையானது, இதையன்றி வேறில்லை. மன அறிகுறிகளில் கடைசிப் படியைத் தொடுவது மிக அரிது. ‘சித்திரவதை நடந்தது’ என்று எழுதாதீர்கள். ‘மிகவும் பொருந்துகிறது’ என்று எழுதி, ஏன் என்று காட்டுங்கள்.

அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

நீதிமன்றத்தின் கேள்வி, பார்த்த நாட்களும் நேரமும் இடமும், படித்த ஆவணங்கள், பேசிய ஆட்கள், அறிவித்தலும் அவர் திருப்பிச் சொன்னதும், வரலாறு, மனநிலைப் பரிசோதனை, சோதனைகள், அபிப்பிராயம், அதன் எல்லைகள். எட்டில் இருந்து பதினைந்து பக்கம் போதும். கண்டது ஒரு பகுதியில், நினைப்பது இன்னொரு பகுதியில். ‘அழுதார்’ என்பது கண்டது. ‘குற்ற உணர்வு கொண்டார்’ என்பது நினைப்பது.

வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ். வழக்கு மேன்முறையீட்டுக்குக் கொழும்புக்குப் போகும்போது மொழி மாறும். ஆகவே மேற்கோள்களைத் தமிழில் அப்படியே வைத்து, ஆங்கிலப் பொருளை அடுத்த வரியில் நீங்களே கொடுங்கள். யாரோ ஒருவர் பிறகு மாற்றுவதற்கு விடாதீர்கள்.

சாட்சிக் கூட்டில் என்ன கேட்பார்கள்?

‘எத்தனை மணி நேரம் பார்த்தீர்கள்?’, ‘இவர் நடிக்கவில்லை என்று எப்படித் தெரியும்?’, ‘நூறு வீதம் நிச்சயமா?’. மூன்றாவதற்கு ‘இல்லை’ என்பதே நேர்மையான பதில். அதன் பின் எந்தச் சான்று எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லுங்கள். இரண்டாவதற்குப் பதில் சொல்ல, நடிப்பைச் சோதிக்கும் கருவி ஒன்றை முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். மறந்துவிட்டு வந்தால் கூட்டில் சமாளிக்க வழியில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன நிபுணரை நீதிபதிகள் அடுத்த வழக்கிலும் நம்புகிறார்கள்.

கட்டணத்தை வழக்கின் முடிவோடு கட்டாதீர்கள். ‘வெண்டால் தாறன்’ என்பதை ஏற்றால் உங்கள் அபிப்பிராயம் விற்ற பொருள்.

எல்லோரும் தெரிந்தவர்களாக இருக்கும் ஊரில் எப்படி நடுநிலையாக இருப்பது?

வன்னியின் மிகக் கடினமான கேள்வி இதுதான். நீங்கள் சிகிச்சை கொடுக்கும் ஒருவரை நீங்களே நீதிமன்றத்துக்கு மதிப்பிடக்கூடாது. சிகிச்சையில் அவர் நம்பிச் சொன்னது அறிக்கையில் அவருக்கு எதிராகத் திரும்பும். ஆள் குறைந்த மாவட்டத்தில் அந்த வழக்கை வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மாற்றக் கேளுங்கள். வழியே இல்லை என்றால் உறவை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே இயக்கத்தில் இருந்தவர், ஒரே முகாமில் இருந்தவர், ஒரே கோயில் நிர்வாகம் என்பவையும் உறவுதான்.

பல்கலைக்கழகத்தில் கற்பிக்கவும் ஆராயவும் இடம் உண்டா?

உண்டு. சிறப்புப் பட்டத்தில் முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ எடுத்தால் தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்குப் போட்டியிடலாம், பிறகு முதுநிலை ஆய்வுப் பட்டத்தை முடித்துச் சிரேஷ்ட விரிவுரையாளர். எங்கள் எண்ணத்தில், நீதிமன்ற வேலையை விடாமல் கற்பிப்பவரே இந்தப் பாடத்துக்குப் பொருத்தம்.

ஆய்வுக்குத் தேவை நிறைய. வன்னித் தமிழுக்கு ஒரு கருவியை மாற்றுவதே ஒரு முதுநிலை ஆய்வு: இருவர் தனித்தனியாகத் தமிழாக்கம், இரண்டையும் சேர்த்தல், மூலத்தைப் பாராத ஒருவர் ஆங்கிலத்துக்குத் திருப்புதல், குழு ஒப்பீடு, பிறகு பத்துப் பதினைந்து பேரிடம் ‘இந்த வசனம் உங்களுக்கு என்ன சொல்லுது?’ என்று கேட்டல். கடைசிப் படியைத் தவிர்ப்பவர்கள் அதிகம், கருவி கெடுவதும் அங்கேதான். சிறைக்குள் ஆய்வென்றால் பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் சிறைச்சாலைத் திணைக்களத்தின் அனுமதியும் தனித்தனியாக வேண்டும். ஒரு வருடம் முன்னதாகவே விண்ணப்பியுங்கள்.

புதைகுழி அகழ்வுகளில் உளவியலாளருக்கு வேலை உண்டா?

உண்டு. மன்னாரில் 2018இலும், கொக்குத்தொடுவாயில் 2023 யூனில் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டியபோதும் வெளிப்பட்டவை நீதவானின் கட்டளையின் கீழ் அகழப்பட்டவை. அங்கே வேலிக்கு வெளியே நிற்கும் தாய்மாருக்கு, உடுப்பையும் பல்லையும் பார்த்து அடையாளம் சொல்லும் முன் என்ன காட்டப்போகிறார்கள் என்று சொல்ல ஒருவர் வேண்டும், பார்த்த பின் பக்கத்தில் இருக்க ஒருவர் வேண்டும். அது துணை நிற்கும் வேலை. அதே ஆள் பிறகு அந்தக் குடும்பத்தை நீதிமன்றத்துக்கு மதிப்பிடக்கூடாது.

இந்த வேலை மனதைப் பாதிக்காதா?

பாதிக்கும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை மேற்பார்வையாளரோடு பேசுங்கள், தொலைபேசியிலாவது. ஒரு நாளில் இரண்டு சித்திரவதை வழக்குகளைப் பார்க்காதீர்கள்.

முதல் முறை சிறைச்சாலைக்குப் போகும்போது எதைக் கொண்டுபோவது?

நீதிமன்றக் கட்டளையின் பிரதி இரண்டு (ஒன்றை வாசலில் எடுத்துவிடுவார்கள்), அடையாள அட்டை, இரண்டு பேனை, கோடு போடாத வெள்ளைத் தாள், சோதனைத் தாள்களின் மூலப் பிரதி, மணிக்கூடு. கைத்தொலைபேசியை வாசலில் கொடுக்க வேண்டிவரும், ஆகவே நேரம் பார்க்கவோ ஒலிப்பதிவுக்கோ அதை நம்பாதீர்கள். காவலர் காதில் விழாத, ஆனால் கண்ணில் படும் இடத்தைக் கேளுங்கள். விலங்கைக் கழற்ற முடியுமா என்று கேளுங்கள், முடியாதென்றால் கையால் செய்யும் சோதனைகளை அன்று போடாமல், காரணத்தை எழுதுங்கள். வாசிப்புக் கண்ணாடி ஒன்றும் வைத்திருங்கள், இலக்கம் இரண்டு போதும். நாற்பது வயதைக் கடந்த பலரிடம் கண்ணாடி இல்லை, இருந்ததும் கைதானபோது உடைந்திருக்கும். எழுத்துக் கண்ணுக்குத் தெரியாமல் விட்ட கேள்வியை நீங்கள் புத்திக் குறை என்று எண்ணிவிடக்கூடாது.